எட்டு வருடக் கப்சிப்

“டீச்சர், ஆறு வாரமாச்சு. இந்தச் சனியன் ம்ம்ம்னு முனகிக்கிட்டே கிடக்கு.”

பொன்னுரங்கம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவரே செய்தது. தகரப் பெட்டியைக்கூட அவரே வெட்டி மடக்கியிருந்தார்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஸ்டெல்லாவின் கடை. பாலிடெக்னிக் முடித்தவள், இன்னும் முப்பது தாண்டவில்லை. அவருக்கு ஐம்பத்து நான்கு. மைக் செட் தொழிலில் இருபது வருடம். எட்டு வருடத்துக்கு முன்னால் குத்துமதிப்பாக ஒரு ஆம்ப் செய்து, அதை வைத்தே இத்தனை காலம் ஓட்டிவிட்டார். இந்த இரண்டாவதையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்று அவளிடம் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து டீச்சர்.

“நான் சொன்னதெல்லாம் செஞ்சீங்களாண்ணே?”

“டிரான்ஸ்ஃபார்மரை மூலைக்குத் தள்ளி வச்சேன். வயரை முறுக்கிப் போட்டேன். எர்த் வயரையெல்லாம் ஒரே இடத்துல கொண்டாந்து முடுக்கினேன்.”

“குறைஞ்சுதா?”

“குறைஞ்சுது. போகலை.”

“போகும்.”

“எப்போ? திருவிழாக் கமிட்டித் தலைவர் வந்து கேட்டுட்டு, ‘என்ன ரங்கம், உள்ள வண்டு வளக்குறியா’ங்குறாரு. ஞாயித்துக்கிழமை மேடையில இந்தச் சத்தம் வந்துச்சுன்னா, செட்டை மட்டுமில்ல, பாட்டுக்காரியையும் சேர்த்து மாத்திடுவாராம்.”

“பாட்டுக்காரி யாரு?”

“வளர்மதிதான். என் பொண்ணு.”

ஸ்டெல்லா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள்.

“மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவுல எர்த் ரெண்டு வழியா சுத்துது. எங்கேன்னு தேடணும். மூணு நாள் ஆகும்.”

“இன்னைக்கு வெள்ளி, டீச்சர்.”

“ஆமா.”

அவர் சற்றுக் குனிந்தார். தொழில் ரகசியம் சொல்கிறவரின் குரல் வந்துவிட்டது.

“அந்தக் கட்டிங் பிளேயரைக் குடுங்க.”

“எதுக்கு?”

“பழைய ஆம்புக்குப் பார்த்த வைத்தியந்தான். பிளக்கைக் கழட்டி, உள்ள பச்சை வயர் வருதுல்ல, எர்த்து, அதை நறுக்குன்னு வெட்டி விட்டேன். அன்னையிலிருந்து எட்டு வருஷம். கப்சிப்!”

ஸ்டெல்லா பிளேயரை எடுத்தாள். கொடுக்கவில்லை. தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

“தொழில்ல எல்லாரும் செய்றதுதானே, டீச்சர்.”

“நாளைக்குப் பழசையும் கொண்டாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.”

“அவ எதுக்கு? அவளுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடிக்கத் தெரியாது.”

“மைக் பிடிப்பால்ல?”

மறுநாள் காலை மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

ஸ்டெல்லா பழைய ஆம்பில் மைக்கைச் சொருகினாள். பிளக்கைச் சுவரில் மாட்டவில்லை. அதன் மூடியைக் கழற்றி, எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் போட்டாள். உள்ளே பச்சை வயர் அரை அங்குலத்தில் வெட்டுப்பட்டு நின்றது.

மைக்கை நீட்டினாள்.

“பிடிச்சுக்கம்மா.”

வளர்மதி உடனே வாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஜரிகை வைத்த ரோஸ் கைக்குட்டையை எடுத்தாள். நாலாக மடித்தாள். மைக்கின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினாள். விரல் எங்கும் உலோகத்தில் படவில்லை என்று பார்த்துக்கொண்டு வாங்கினாள். உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

பொன்னுரங்கம் சிரித்தார்.

“பாத்தீங்களா ஸ்டைலை! சேலைக்குத் தகுந்த கைக்குட்டை, எல்லாம் நான் வாங்கிக் குடுத்தது. ஏம்மா, கிட்ட வச்சுப் பிடி. எத்தனை வருஷமா சொல்றேன்?”

“துணி எதுக்கு வளர்மதி?” என்றாள் ஸ்டெல்லா.

வளர்மதி அப்பாவைப் பார்த்தாள்.

“பழக்கம்க்கா.”

“கரண்டே குடுக்கலையே. பிளக்கு இந்தா கிடக்கு, பாரு. துணியை எடுத்துட்டுப் பிடி.”

வளர்மதி பிளக்கைப் பார்த்தாள். துணியை எடுக்கவில்லை.

பொன்னுரங்கத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“வேர்வைக்குத்தானே சுத்துற?”

“இல்லப்பா.”

“பின்னே?”

“உதட்டுல சுள்ளுங்கும். கையில விறுவிறுன்னு ஏறும். செருப்பைக் கழட்டிட்டு ஏறுற மேடைன்னா முழங்கை வரைக்கும். எல்லாப் பாட்டுக்காரங்களும் சுத்துவாங்கப்பா. கூடப் பாடுற அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க.”

கடைக்கு வெளியே நடத்துனர் ‘நத்தம், நத்தம்’ என்று கூவ, ஒரு பேருந்து நகர்ந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, தாயி.”

“சொன்னேன். முதல் கச்சேரியிலேயே சொன்னேன், வடமதுரையில. மேடையை விட்டு இறங்கினதும் ஓடி வந்து, ‘அப்பா, மைக் கடிக்குது’ன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

வளர்மதி மைக்கை மேசையில் வைத்தாள். கைக்குட்டையைப் பிரித்து, மடிப்புக் கலையாமல் மடித்தாள்.

“‘அதை விடு, துளி இரைச்சல் இருந்துச்சா பாத்தியா’ன்னு கேட்டீங்க.”

ஸ்டெல்லா கட்டிங் பிளேயரையும் பச்சை வயர் அறுந்த பிளக்கையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.