பட்டன் பூத்த தட்டு

தெய்வானை டீச்சரிடம் வேலை பழக வந்த இருதயராஜ் அவரைவிட எட்டு வயது மூத்தவர். அதனால் டீச்சர் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவார். அவர் 'டீச்சர்' என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

வெள்ளியோடை எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுத் தாய்மார் வீடு திரும்ப ஆறாகிவிடும். அந்த இடைப்பட்ட பொழுதில் மேல்பிரிவுப் பிள்ளைகள் பதினாலு பேரும் டீச்சரின் கொட்டகையில் இருப்பார்கள். குளிர்காலம் வந்தால் அங்கே பாடம் கிடையாது. வாயால் யார் பெரிய புகை விடுவது என்று போட்டி நடக்கும். யூகலிப்டஸ் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி, சாம்பலில் உருளைக்கிழங்கு சுடுவார்கள். விளக்கைத் தாழ வைத்துச் சுவரில் கைநிழலால் நரியும் முயலும் ஓட்டுவார்கள்.

பொங்கல் கழிந்ததும் கீழ்ப்பிரிவிலும் அப்படி ஒரு கொட்டகை திறக்க வேண்டும். அதை நடத்தும் ஆளை டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

இருதயராஜுக்கு அந்த இடத்தின் மேல் உயிர். தேயிலை ஃபேக்டரியில் தூளைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். காம்பும் நாரும் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. ஃபேக்டரியை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து பேச்சே குறைந்து போனவர், பிள்ளைகள் நடுவில் வந்துதான் வாய் திறந்தார். திரும்பவும் வீட்டுக்குள் போய் உட்கார அவருக்குப் பயம்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"டீச்சர், கீழ்ப்பிரிவை என்கிட்ட எப்போ ஒப்படைப்பீங்க?"

"பனி விழட்டும் அண்ணே."

மார்கழி பாதியில் வானம் துடைத்து விட்டாற்போல் ஆனது. அன்று மாலை டீச்சர் ஆளுக்கொரு தட்டு கொடுத்தார்.

"இதுல தண்ணி ஊத்துங்க. உள்ள ஒரு பூ போடுங்க. வெளிய எங்கயாவது வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க. காலைல பள்ளிக்கூடம் போற வழியில வந்து பாருங்க."

"பார்த்தா?"

"பார்த்தா தெரியும்."

கொட்டகையைச் சுற்றி மஞ்சள் செவ்வந்தி மட்டும்தான் பூத்திருந்தது. அடித்துப் பிடித்துப் பறித்தார்கள். நிரோஷினி என்ற நாலாம் வகுப்புப் பெண்ணுக்குப் பூ கிடைக்கவில்லை. ஸ்வெட்டரிலிருந்து அறுந்து விழ இருந்த சிவப்புப் பட்டனை இழுத்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள். தட்டைக் கொண்டுபோய் நாவல் மரத்தடியில் வைத்தாள். சிலர் கூரைக்கு அடியில் வைத்தார்கள். சிலர் அடுப்புச் சுவர் ஓரம். ஐந்து பேர் மட்டும் சறுக்கிக்கொண்டு பள்ளத்துப் புல்லுக்கு இறங்கினார்கள்.

இருதயராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மரத்தடியில உறையாதே டீச்சர். கூரைக்கு அடியிலயும் உறையாது. பள்ளத்துலதான் உறையும்."

"ஆமா அண்ணே."

"சொல்லிடட்டுமா?"

"அங்க கிழங்கு கருகுது பாருங்க."

அவர் கிழங்கைப் பார்க்கப் போனார். ஆனால் பிள்ளைகள் போனதும் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து, எல்லாவற்றிலும் செவ்வந்தி போட்டு, பள்ளத்துப் புல்லில் வரிசையாக வைத்தார். விடியுமுன் எழுந்து வந்தார். பள்ளம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. உறையாத தட்டுகளின் தண்ணீரைக் கீழே கொட்டினார். தன் தட்டுகளிலிருந்து பனிக்கட்டியை வட்டம் கலையாமல் பெயர்த்து, அவற்றில் வைத்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். கூச்சலில் மலையே எழுந்துவிட்டது. வட்டத்தைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். கெவின் நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு இல்ல" என்றான்.

நிரோஷினி மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நான் பட்டன்தானே போட்டேன். பூவா இருக்கு."

"ராத்திரி பூத்திருக்கும்டி" என்றான் கெவின்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பத் திரும்பத் தட்டைப் பார்த்தாள். இருட்டில் தண்ணீரைக் கொட்டியபோது பட்டனை இருதயராஜ் கவனிக்கவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கை இப்படிச் சிவந்திருக்கே அண்ணே."

"குளிர், டீச்சர்."

"ம்."

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவர் நாவல் மரத்தடியில் குனிந்து துழாவினார். பட்டன் கிடைத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். சொல்லத் துணிவு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை டீச்சர் மறுபடி தட்டுகளை எடுத்தார்.

"நாளைக்கு லீவு. அப்பா அம்மாவை விடிய முன்னாடியே எழுப்பிக் கூட்டிட்டு வரணும். சரியா?"

"சரி டீச்சர்!"

இந்தத் தடவை பள்ளத்துக்கு ஒருவரும் இறங்கவில்லை. கெவின் தன் தட்டை வாசற்படியிலேயே வைத்தான்.

"ஏன்டா, போன தடவை பள்ளத்துலதானே வெச்சே?" என்று இருதயராஜ் கேட்டார்.

"அங்க இறங்கினா கால் நனையுது சார். எங்க வெச்சாலும்தான் உறையுதே."

"ஆமா சார்" என்றாள் நிரோஷினி. "எனக்கு மரத்தடியிலயே உறைஞ்சுது."

பதினாலு தட்டும் கூரைக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் மரத்தடியிலும் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டன. இருதயராஜ் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அன்றும் அவர் பதினாலு தட்டுகளைப் பள்ளத்தில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பெற்றோர் வரும் நாள். இது பிசகினால் கீழ்ப்பிரிவு கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

விடியுமுன் பனிக்கட்டிகளைப் பெயர்த்துச் சாக்குப் பையில் அடுக்கிக்கொண்டு மேடேறி வந்தார். கொட்டகை வாசலில் டீச்சர் நின்றிருந்தார்.

"வாங்க அண்ணே. பையில என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா."

பையைப் படிக்கல்லின்மேல் வைத்தார்.

"கால் ரொம்ப வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அந்தப் பையின்மேல் உட்கார்ந்தார். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது. டீச்சர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"டீச்சர்... குளிருமே."

"பரவாயில்ல அண்ணே. கெட்டியா இருக்கு, உட்கார நல்லாத்தான் இருக்கு."

அதற்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாய்மாரும், மப்ளர் சுற்றிய தகப்பன்மாரும் பின்னால் வந்தார்கள். பிள்ளைகள் தத்தம் தட்டுக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

எல்லாத் தட்டிலும் தண்ணீர். மேலே செவ்வந்தி மிதந்துகொண்டிருந்தது.

கெவினின் அப்பா தட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தான் விடிய முன்னாடி எழுப்பினியாடா? நம்ம வீட்டுக் குடத்துலயும் இதே தண்ணிதானே இருக்கு?"

பெரியவர்கள் சிரித்தார்கள். கெவின் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன தடவை உறைஞ்சுதுப்பா. நிஜமா."

"ஆமா மாமா, எனக்கும் உறைஞ்சுது" என்றாள் நிரோஷினி. அவள் டீச்சரிடம் திரும்பினாள். "அதே மரத்தடியிலதான் வெச்சேன். போன தடவை எப்படி டீச்சர் உறைஞ்சுது?"

டீச்சர் இருதயராஜைப் பார்க்கவில்லை. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு பையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

கீழ்ப்பிரிவு போயிற்று என்று இருதயராஜ் நினைத்தார். போனதென்று ஆனபிறகு வாய் கொஞ்சம் லேசானது.

"நான் மாத்தி வெச்சேம்மா."

"என்னது?"

"உன் தட்டு உறையல. உறைஞ்சதை வேற இடத்துலேர்ந்து எடுத்து வெச்சேன்." சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பட்டனை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைக் கவனிக்காம கொட்டிட்டேன்."

நிரோஷினி பட்டனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாருதையுமா சார் மாத்தினீங்க?"

"ஒன்பது தட்டு. பள்ளத்துல இருந்த அஞ்சு தானா உறைஞ்சது."

கெவின் தலையை நிமிர்த்தினான்.

"நான் பள்ளத்துலதான் வெச்சேன்! அப்பா, என்னுது நிஜம்! என்னுது நிஜப் பனிக்கட்டிப்பா!"

அவன் அப்பாவின் மப்ளரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினான். நாலு பேர் அவன் பின்னால் ஓடினார்கள். "கால் நனையும்டா" என்று அவன் அப்பா கத்தியது மேலே வரை கேட்டது. மிச்சப் பிள்ளைகள் தங்கள் தட்டுகளைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். கூரையால்தான் என்றது ஒன்று. சுவரில் அடுப்புச் சூடு என்றது இன்னொன்று. மரத்தடியில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று மூன்றாவது சண்டைக்கு வந்தது.

நிரோஷினி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இருதயராஜிடம் ஓடி வந்தாள்.

"சார், மரத்தைச் சுத்திப் புல்லு பூரா வெள்ளையா இருக்கு. மரத்துக்குக் கீழ மட்டும் பச்சையா இருக்கு. ஏன் சார்?"

இருதயராஜ் வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியில் நின்றது. இருபது வருஷமாகப் பார்த்த பனி அது.

வாயை மூடிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்பக்கூட ஏமாத்துறீங்க. கஞ்ச சாரு!"

சொல்லிவிட்டு அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மரத்தடியில் பச்சைப் புல்லில் மல்லாந்து படுத்தாள்.

"அம்மா, நீயும் படு."

"பைத்தியமாடி உனக்கு? சேலை நனையும்."

"இங்க நனையாதும்மா. தொட்டுப் பாரேன்."

அம்மா புல்லைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மகள் பக்கத்தில் படுத்தாள். இருவரும் மேலே கிளைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

டீச்சர் எழுந்தார். சேலையின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இருதயராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சர்... கீழ்ப்பிரிவுக்கு வேற ஆள் பார்த்தாச்சா?"

டீச்சர் சேலையைப் பிழிந்துகொண்டே மரத்தடியைப் பார்த்தார்.

"கீழ்ப்பிரிவுல பனி இதைவிடக் கனமா விழும் அண்ணே. உள்ள ஒரு ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க."