எஞ்சின் விட்ட மூச்சு

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் கோயம்புத்தூரில் பழைய கார்களின் ஊர்வலம். நுழைவாசலில் ஒவ்வொரு காருக்கும் அடியில் வெள்ளை அட்டை விரிப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். போன வருடம் தன் பழைய காரோடு அப்படித்தான் திரும்பினார். பட்டுச்சேலை கட்டி உடன் வந்த மனைவி பூவாத்தாள், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த வண்டியில ஏறவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் மனுஷன் எஞ்சினில் கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் பசை போட்டு அடைத்தார். எஞ்சினுக்குள்ளிருந்து காற்று வெளியேறும் துளையைக்கூட விட்டுவைக்கவில்லை. எண்ணெய் முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

வண்டியோடு மெக்கானிக் செலினிடம் ஓடினார். வயதில் இளையவள்தான், ஆனால் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பவள் அவள்தான்.

"எல்லாத்தையும் அடைச்சுட்டேனுங்க மேஸ்திரி. அப்புறமும் ஏனுங்க ஒழுகுது?"

பின்னாலேயே வந்த பூவாத்தாள் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, போன வருசமே நான்..."

"சித்த சும்மா இரு."

செலின் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டாள்.

"கையை வச்சுப் பாருங்கண்ணா."

உள்ளங்கையில் சூடாகக் காற்று முட்டியது.

"அட, மூச்சு விடுதுங்க!"

"அதுக்குப் போக்கிடம் வேண்டாமா? அடைச்சா எண்ணெயையும் தள்ளிக்கிட்டு வெளிய வருது."

நாச்சிமுத்து பசை டப்பாவை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

செலின் துளையை அடைத்த பசையைச் சுரண்டி எடுத்தாள். எஞ்சினின் மேல்மூடியில் ஒரு சின்ன வால்வைப் பொருத்தி, அதிலிருந்து எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய்க்கு ஒரு ரப்பர் ஹோஸை இணைத்தாள். மறுபடி எஞ்சின் ஓடியது. எண்ணெய் ஊற்றும் வாயின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தாள். காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள இழுக்குதுங்க மேஸ்திரி! இழுக்குதுங்க!" சின்னப் பிள்ளையாட்டம் குதித்தார்.

"ஏனுங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அட இரு புள்ள, வேலை நடக்குதில்ல!"

மறுநாள் காலை செலினும் கூட வந்திருந்தாள். வெள்ளை அட்டையில் ஒரு பொட்டுகூட விழவில்லை. கொடி அசைத்து உள்ளே விட்டார்கள். நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்சீட்டில் பட்டுச்சேலையோடு பூவாத்தாள் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"ஒழுகறது நின்னுடுச்சுங்க மேஸ்திரி! வண்டியில இன்னும் ஏதாச்சும் வேலை பாக்கி இருக்குங்களா?"

செலின் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருக்குங்கண்ணா. அக்கா நேத்துப் புடிச்சு ஏதோ சொல்ல வர்றாங்க. அதைக் கேட்டுட்டு வண்டியை எடுங்க."