பூட்டுன ரூமுக்குள்ள பொன்னுருவி

ஒரு ஊர்ல ஒரு மலை. அந்த மலை மேல இன்னொரு குட்டி ஊரு, கடுக்காய்ப்பட்டின்னு பேரு. அங்க ஒரு சின்னப் பள்ளிக்கூடம், அதுல ஒரு லைப்ரரி. பெரிசா நெனச்சுக்காத, ஒரே ஒரு ரூமு, நாலு பீரோ, அம்புட்டுதான். ம் கொட்டு கண்ணு, அப்பதான் கதை நகரும்.

“ம்.”

அந்த லைப்ரரிக்கு ஒரு அக்கா, பேரு சிந்தாமணி. வாரத்துல ரெண்டே நாளுதான் அவளுக்கு அங்க வேலை, செவ்வாயும் வியாழனும். மத்த நாளெல்லாம் கீழ டவுன்ல ஜாக்கெட் தைப்பா. காலையில பஸ்ஸுல மேல வருவா, சாயங்காலம் அதே பஸ்ஸுல எறங்கிப் போயிடுவா. சாவியும் ஒண்ணே ஒண்ணுதான், அது அவ பையிலதான் இருக்கும்.

அப்புறம் என்னாச்சு, ஒரு வியாழக்கிழமை. ஸ்கூல் விட்டாச்சு. பிள்ளைங்க திடுதிடுன்னு ஓடுதுங்க. பஸ்ஸு வேற “பாம் பாம்”னு அவசரப்படுத்துது. சிந்தாமணி ஜன்னலைச் சாத்துனா, வெளக்கை அணைச்சா, பூட்டை “டொக்”குனு போட்டா, ஓடிப்போயி பஸ் ஏறிட்டா.

பஸ்ஸு நாலு வளைவு எறங்கிடுச்சு. அப்போ அவ நோட்டை எடுத்துப் பாக்குறா. லைப்ரரிக்குள்ள வர்ற பிள்ளைங்க பேரு எழுதணும், போறப்ப பேருக்கு நேரா ஒரு டிக் போடணும். பாக்குறா, பேரு பதினொண்ணு இருக்கு. டிக்கு பத்துதான் இருக்கு! எந்தப் பேருக்கு டிக் இல்ல? பொன்னுருவி. ரெண்டாங் கிளாஸு, இத்தனூண்டு பிள்ளை.

சிந்தாமணி துள்ளி எந்திரிச்சா. கடைசி பீரோவுக்குப் பின்னாடி அவ பாக்கவே இல்லையே! இனிமே அந்தக் கதவை செவ்வாக்கிழமைதான தொறப்பாங்க!

“அண்ணா, நிறுத்துங்க! ஒரு கொழந்தைய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்!”

பஸ்ஸே “ஐயையோ”ன்னுச்சு. கண்டக்டரு விசிலு ஊதுனாரு. “எம்மா, இங்க வண்டியத் திருப்ப எடமில்லையே. மேல போற பஸ்ஸும் நாளைக்குத்தான்.”

“நான் நடந்தே போறேன்”னு குதிச்சுட்டா. போன் பண்ணலாம்னா, அந்த மலையில டவரே கெடையாது. குறுக்கு வழியில ஏறுனா, ஏறுனா, ஏறிக்கிட்டே இருந்தா.

முதல்ல ஒரு ஓடை வந்துச்சு. மேல மழை பெஞ்சு தண்ணி செக்கச்செவேல்னு சலசலசலன்னு ஓடுது. கால வச்சா இழுக்குது. அப்போ அந்தப் பக்கமா ஆடு மேய்ச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. தன் கோலை நீட்டுனாங்க. “தண்ணியப் பாக்காத தாயி, தலை சுத்தும். அக்கரையப் பாரு, பாத்துக்கிட்டே நட.” கோலை ஊனி ஊனி, இடுப்பளவு தண்ணியில தாண்டிட்டா.

“ம்.”

அப்புறம் வந்துச்சு குரங்குக் கூட்டம். ஒரு பெரிய கடுவன் “கீச்”னு பாஞ்சு, அவ பைய லபக்குனு புடுங்கிக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு! டிபன் பாக்ஸைத் தொறந்து மிச்ச சோத்தைத் தின்னுச்சு, நோட்டைத் தூக்கிப் போட்டுச்சு, சாவியக் கடிச்சுப் பாத்துச்சு. ருசியா இருக்குமா? “ச்சீ”ன்னு விட்டெறிஞ்சுச்சு. கிணிங்! சாவி முள்ளுப் பொதருக்குள்ள விழுந்துடுச்சு. சிந்தாமணி கைய விட்டுத் தேடுறா. கையெல்லாம் கீறுது, அழுகை அழுகையா வருது. “உள்ள அது கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்குமே, இருட்டா வேற இருக்குமே”ன்னு பொலம்பிக்கிட்டே தேடித் தேடி எடுத்துட்டா.

அப்புறம் ஓட்டமா ஓடி, மூச்சு எரைக்க எரைக்க, பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா. பூட்டு தொறந்துச்சு. ஆனா கதவு தொறக்கல! மழை ஈரத்துல மரம் உப்பிப்போயி இறுகிக்கிச்சு.

“பொன்னுருவி! ஏ பொன்னுருவி!”

பதிலே இல்ல. கண்ணு, ஒரு சின்னச் சத்தங்கூட இல்ல.

சிந்தாமணி ரெண்டு எட்டு பின்னாடி போனா, தோளால மோதுனா. தொம்! தொம்! தடால்! கதவோட அவளும் உள்ள போயி விழுந்தா.

கடைசி பீரோவுக்குப் பின்னாடி எட்டிப் பாக்குறா. மேல இருக்குற சின்ன ஜன்னல்லேருந்து ஒரு துண்டு வெயில் வருது. அந்த வெயில்ல காலை நீட்டிக்கிட்டு, மடியில ஒரு யானைப் படப் புஸ்தகத்தை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா பொன்னுருவி!

“ஏண்டி தங்கம், நான் அத்தனை தடவை கூப்புட்டேனே, குரல் குடுக்கக் கூடாதா?”

அந்தப் பிள்ளை வாயில வெரலை வச்சு மெதுவா சொல்லுது, “ஸ்ஸ்ஸ்... லைப்ரரியில சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க.”

சிந்தாமணி அப்படியே தரையில ஒக்காந்து அழுதா, சிரிச்சா, மறுபடியும் அழுதா. பொன்னுருவி அவளை வேடிக்கை பாத்துட்டு, “இன்னும் நாலு பக்கம் இருக்கு, இருங்க”ன்னா. அந்த நாலு பக்கத்தையும் ரெண்டு பேருமாப் படிச்சாங்க.

அப்புறம் சிந்தாமணி பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு பொன்னுருவி வீட்டுக்குப் போனா. அவங்கம்மா அப்பதான் காட்டுலேருந்து வெறகோட வந்து நிக்கிறாங்க. சிந்தாமணி எதையும் மறைக்கல. “உங்க பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டேங்க்கா. என் தப்புதான்.”

அந்த அம்மா வெறகைக் கீழ போட்டுட்டு, பிள்ளையோட தலை, கை, காலெல்லாம் தடவிப் பாத்தாங்க. கோவம் வந்துச்சு, வராம இருக்குமா? மொகம் செவந்துடுச்சு. அப்புறம் சிந்தாமணியோட ஈரப் பொடவையப் பாத்தாங்க, முள்ளு கீறுன கையப் பாத்தாங்க.

“இனிமே இப்படிப் பண்ணாத”ன்னாங்க. “வா, ஒக்காரு. எந்தக் கையால சாப்பிடுவ, முள்ளு இருக்கே. இரு, ஊசி எடுத்தாரேன்.”

ஒவ்வொரு முள்ளா எடுத்து விட்டாங்க. சுடச்சுடச் சாமைச் சோறும் தொவையலும் போட்டாங்க. ஒரு வாய், ரெண்டு வாய், மூணாவது வாய்க்குள்ள சிந்தாமணிக்குக் கண்ணு சொருகிடுச்சு. “அப்பாடா”ன்னு சொவத்துல சாஞ்சா பாரு, அப்படியே தூங்கிட்டா. பொன்னுருவியும் அவ மடியில தலைய வச்சுத் தூங்கிட்டா.

கண்ணு? ம் கொட்டக் காணோமே...

சரி சரி. கதைக்குள்ள இருந்த எல்லாரும் தூங்கியாச்சு, கதையும் தூங்கிடுச்சு. நீயும் தூங்குடி தங்கம்.