மலையரசியின் தம்பி தங்கைகள்

பிள்ளைகளே, நெருங்கி உட்காருங்கள். பெரியவர்களும் கேட்கலாம், தடையில்லை. ராஜாக்கள் யானை மேல் ஏறி ஊர்வலம் போன காலத்தில் நடந்த கதை இது.

மருதூர் என்றொரு நாடு. அதற்குப் பூமாறன் என்றொரு ராஜா. அந்த ராஜாவின் பட்டத்து யானைக்கு மலையரசி என்று பெயர். மலையரசியை வளர்த்த பாகனுக்குக் குன்றன் என்று பெயர்.

குன்றனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் காரி, அடுத்தவள் நீலி, கடைக்குட்டி தும்பி. ஆனால் யாராவது "உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால், குன்றன் "நாலு" என்றுதான் சொல்வான். "மூத்தவ லாயத்துல நிக்கிறா. கொஞ்சம் குண்டு. மத்த மூணும் வீட்டுல இருக்கு" என்பான்.

பிள்ளைகளும் மலையரசியை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்காவும் அக்கா மாதிரியே நடந்துகொண்டாள். காரி மாங்காய் திருடினால் தும்பிக்கையால் முதுகில் ஒன்று வைப்பாள். நீலி தலைபின்னி முடித்தால் பின்னலைப் பிடித்து இழுப்பாள். தும்பி விளையாட்டில் தோற்று அழுதால் தன் காலடியில் இழுத்து வைத்துக்கொள்வாள்.

ஒரு மழைக்காலத்தில் குன்றனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், கஷாயம் கொடுத்தார், கூடவே இருந்தார். ஆனாலும் குன்றன் பிழைக்கவில்லை. ஆற்றங்கரையில் அவனை அடக்கம் செய்தார்கள்.

அம்மா அழுது அழுது ஓய்ந்துபோனாள். அதைப் பார்த்த காரி, 'நானும் அழுதால் அம்மா தாங்கமாட்டாள்' என்று நினைத்துக் கண்ணீரை விழுங்கினான். நீலி, 'நான் அழுதால் அண்ணன் தாங்கமாட்டான்' என்று விழுங்கினாள். தும்பியோ அப்போது அத்தை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் "அப்பா எங்கே?" என்று கேட்டாள்.

காரிக்கு உண்மை வாயில் வரவில்லை. "அப்பா மேற்கு மலைக்குப் போயிருக்கார். வந்துடுவார்" என்று சொல்லிவிட்டான்.

மலையரசியும் பாகனைத் தேடிப் பிளிறினாள். காரி அவளிடமும் அதையே சொல்லி, மேற்கு வழியைக் கையால் காட்டினான்.

அன்று முதல் மலையரசி மேற்கு வழியைப் பார்த்து நிற்கத் தொடங்கினாள். கரும்பு போட்டார்கள், தொடவில்லை. தென்னங்கீற்று போட்டார்கள், தொடவில்லை. வெல்லம் கலந்த சோற்றை உருட்டி வாயருகே நீட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தும்பியும் அவள் காலடியில் உட்கார்ந்து அதே வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாவுக்குச் செய்தி போனது. அவரே லாயத்துக்கு வந்து பார்த்தார். மலையரசியின் விலா எலும்பு தெரிந்தது. ராஜா முகம் வாடிவிட்டது.

"பௌர்ணமி வரைக்கும் பார்ப்போம். அதற்குள் தின்னாவிட்டால் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். காட்டைப் பார்த்தாவது தின்கிறாளா பார்க்கலாம். என் முற்றத்தில் பட்டினி கிடந்து சாகவேண்டாம்" என்றார்.

பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் போய், அக்காவும் போவதா?

முதலில் காரி ஒரு தந்திரம் செய்தான். அப்பாவின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான். அப்பா மாதிரியே கனைத்துக்கொண்டு, அப்பா மாதிரியே காலை அகட்டி நடந்து வந்தான். மலையரசி காதை விரித்தாள். தும்பிக்கையை நீட்டித் தலைப்பாகையைக் கழற்றினாள். உள்ளே இருந்தது காரியின் குடுமி. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தலைப்பாகையை அவன் தலையிலேயே கவிழ்த்து வைத்தாள். அது மூக்கு வரைக்கும் இறங்கிக் கண்ணை மறைத்தது. மலையரசி மறுபடியும் மேற்கே திரும்பிக்கொண்டாள்.

அடுத்து நீலி வந்தாள். அப்பா குளிப்பாட்டும்போது பாடுகிற பாட்டைப் பாடினாள். அப்பாவுக்கும் பாட வராது, நீலிக்கும் பாட வராது. ஆனாலும் அப்பாவின் அபசுரம் வேறு, நீலியின் அபசுரம் வேறு. மலையரசி ஒரு வாளித் தண்ணீரை உறிஞ்சி நீலியின் மேல் பீய்ச்சினாள். பாட்டு நின்றது. மலையரசி மேற்கே திரும்பிக்கொண்டாள்.

ஈரப் பாவாடையோடு நீலியும், நசுங்கிய தலைப்பாகையோடு காரியும் உட்கார்ந்துவிட்டார்கள். இனி மிச்சம் இருந்தவள் தும்பி ஒருத்திதான். அவளிடம் தந்திரம் ஏதும் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது.

"அண்ணா, மலைக்குப் போனவர் செருப்பை ஏன் விட்டுட்டுப் போனார்? அங்கே முள்ளு குத்தாதா?"

காரி பதில் சொல்ல வாயைத் திறந்தான். விழுங்கி விழுங்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது.

"அப்பா மலைக்குப் போகலை தும்பி. அப்பா செத்துப்போயிட்டார். இனிமே வரமாட்டார். நான்தான் பொய் சொன்னேன்."

தும்பி அவன் மடியில் ஏறிக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா நீ சொல்லாம நான் எப்படி அழுவேன்?" என்று சொல்லி, ஓவென்று அழுதாள். நீலியும் ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே குரலாக அழுதார்கள்.

அழுகை கொஞ்சம் தணிந்ததும் தும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்காவுக்கு மட்டும் இன்னும் தெரியாதே. அவளுக்கும் சொல்லணும்ல?" என்றாள்.

"யானைக்கு எப்படிச் சொல்றது?" என்றாள் நீலி.

"சொல்ல முடியலேன்னா காட்டலாம். வாங்க."

காரி சங்கிலியை அவிழ்த்தான். தும்பி அக்காவின் தும்பிக்கை நுனியைப் பிடித்துக்கொண்டாள். மலையரசி ஒரு கணம் மேற்கு வழியைப் பார்த்தாள். பிறகு தும்பியின் பின்னால் நடந்தாள்.

ஆற்றங்கரை மண்மேட்டருகே நான்கு பேரும் நின்றார்கள். மலையரசி மண்ணை முகர்ந்தாள். மேலே முகர்ந்தாள், சுற்றி முகர்ந்தாள், மறுபடியும் மேலே முகர்ந்தாள். பிறகு தும்பிக்கையை அந்த மண்ணின் மேல் மெதுவாக வைத்து, அப்படியே நின்றாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. காலடி மண் அதிர்ந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பிள்ளைகள் அவள் கால்களைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் எதையும் விழுங்கவில்லை.

அழுது முடித்தபோது ஈரப் புல்லிலிருந்து ஒரு தவளை குதித்தது. நீலி திடுக்கிட்டாள். பிறகு களுக்கென்று சிரித்தாள்.

"அப்பாவுக்கு யானைகிட்டே பயமில்லே, தவளைன்னா பயம்!"

"ஒரு தடவை தவளையைப் பார்த்து அக்கா முதுகுல ஏறிட்டார்!" என்றான் காரி.

"இறங்கவே மாட்டேன்னுட்டார்! அம்மாதான் துடைப்பத்தால தவளையை விரட்டினாங்க!" என்றாள் தும்பி.

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மலையரசி காதுகளை ஆட்டினாள். பக்கத்தில் மூங்கில் புதர் ஒன்று இருந்தது. அதில் ஓர் இளங்குருத்தை ஒடித்தாள். நேரே தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தும்பியிடம் நீட்டினாள். மூத்தவள் அல்லவா!

தும்பி ஒரு கடி கடித்து, "கசக்குது அக்கா, நீ தின்னு" என்றாள்.

மலையரசி தின்றாள். இன்னொன்று ஒடித்தாள், அதையும் தின்றாள். பொழுது சாய்வதற்குள் பாதிப் புதர் காலி.

மறுநாள் ராஜா லாயத்துக்கு ஓடிவந்தார். மலையரசி கரும்பை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் தின்ன வைத்தது? என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

காரி நீலியைப் பார்த்தான். நீலி தும்பியைப் பார்த்தாள். தும்பிதான் பதில் சொன்னாள்.

"மருந்து ஒண்ணும் இல்லே மகாராஜா. அவளுக்கும் அப்பா செத்துப்போயிட்டார். அதை அவகிட்டே யாருமே சொல்லலை. நாங்க எல்லாரும் சேர்ந்து அழுதோம். அப்புறம் அப்பாவை நினைச்சுச் சிரிச்சோம். அப்புறம் பசிச்சுது."

ராஜா மலையரசியின் தும்பிக்கையைத் தடவிக்கொடுத்தார். போன கோடையில்தான் அவருடைய தாயார் காலமாகியிருந்தார். ராஜா அழக்கூடாது என்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே தங்கையை அதற்குப்பின் போய்ப் பார்க்கவும் இல்லை.

"தேரைப் பூட்டுங்கள். என் தங்கை வீட்டுக்குப் போகவேண்டும்" என்றார்.

"எத்தனை நாளில் திரும்புவீர்கள் மகாராஜா?" என்று மந்திரி கேட்டார்.

"அழுது, சிரித்து, பசியெடுத்த பிறகு" என்று சொல்லித் தேரில் ஏறினார் பூமாறன்.

ஆகவே பிள்ளைகளே, அன்பானவரை இழந்த துக்கத்தை ஒருவருக்கொருவர் மறைக்காமல், உடன்பிறந்தவரோடு பகிர்ந்துகொண்டால்தான் அது ஆறும்.