ஈசல் பொரி வித்த மைனா

குளத்தங்கரை மருதமரத்தடியில சொக்கின்னு ஒரு மைனா ஈசல் பொரி கடை போட்டிருந்துச்சு. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கெளம்பும். அதைப் புடிச்சு, வறுத்து, உப்பும் மொளகாயும் தூவி, தேக்கெலையில பொட்டலம் கட்டும். அப்புறம் கழுத்தை நீட்டி ஒரு கூவல்!

"ஈசேய்ய்ல் பொரி! மொறுமொறு பொரியேய்!"

காடே ஓடிவரும். பொட்டலத்துக்குப் பதிலா ஆளுக்கொரு பழம் குடுக்கும். அந்தப் பழம்தான் சொக்கியோட குஞ்சுங்களுக்குச் சாப்பாடு.

கரடி தடியப்பனுக்குக் கண்ணு பூஞ்சை. காதை வெச்சுத்தான் கடைக்கு வழி கண்டுபிடிக்கும். ஆனா அது ஒண்ணு வந்தாலே பாதிப் பொரி காலி!

ஒருநாள் மயிலு மூக்கைச் சுளிச்சுச்சு. "என்னடி இது, எப்பப் பாரு ஒரே கூவல், ஒரே எலை! கேக்குற எங்களுக்கே கொட்டாவி வருது!"

சொக்கிக்குச் சுருக்குன்னு ஆச்சு. "எனக்கா வேற குரல் வராது? நாளைக்குப் பாரு!"

மறுநாள் வாழையெலையில கட்டி, மயிலு மாதிரி அகவுச்சு. தடியப்பன் அக்கரையிலேயே நின்னுச்சு. "மயிலுக்கு யாரு வாலை மிதிச்சாங்களோ!"ன்னு திரும்பிப் போயிடுச்சு.

அடுத்தாப்புல தாமரையெலை, குயில் குரல். ஒரு ஈ காக்கா வரல. சொக்கி விடுமா? "பெருசா ஏதாவது பண்ணணும்!"னு நெஞ்சைத் தூக்கி ஒரே உறுமல்.

"உர்ர்ர்ர்... பொரி!"

புலின்னு நெனச்சு முயலு பொதருக்குள்ள, தடியப்பன் மரத்து மேல! பொரி பூரா நமுத்துப்போச்சு.

"இன்னிக்கும் பழம் இல்லையாம்மா?"ன்னு குஞ்சுங்க கேட்டுச்சுங்க.

ரெண்டு நாள் கழிச்சு தடியப்பன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. "ஏண்டி சொக்கி! மண்ணையா வறுத்துக் குடுத்தே?"

"நானா? உங்களுக்கு நான் எங்க மாமா வித்தேன்?"

"நேத்து ஆலமரத்தடியில கூவுனியே! அதே கூவல், தேக்கெலைப் பொட்டலம்!"

"ஐயோ! அது ஆலமரத்துல இருக்குற வெள்ளையன் காக்கா, மாமா! நான் விட்ட கூவலை அவன் புடிச்சுக்கிட்டான்!"

"எனக்கென்னடி தெரியும்? ஒருநாள் மயிலு, ஒருநாள் குயிலு, ஒருநாள் புலி. சரி, இன்னிக்குக் காக்காத் தொண்டை போலன்னு வாங்கித் தின்னுட்டேன்! இனி உன் பொரியும் வேணாம், நீயும் வேணாம்!"

சொக்கிக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தன்னோட கூவலைத் தானே ரோட்டுல போட்டா, எவனும் எடுத்துக்கத்தானே செய்வான்!

அன்னிக்கே பழைய தேக்கெலையை எடுத்துச்சு. அதே மரத்தடி, அதே காரம், அதே கூவல். மொதல்ல யாருமே வரல. ஆனாலும் மாத்தல. கீரி ஒண்ணு வந்துச்சு. "அடடே, பழைய மொறுமொறுப்பு!"ன்னு போய்ச் சொல்லுச்சு. கொஞ்சங் கொஞ்சமா கூட்டம் சேந்துச்சு. தடியப்பன் மட்டும் குகையில படுத்துக்கிட்டு, தெனமும் அந்தக் கூவலைக் கேட்டுக்கிட்டே எச்சி முழுங்குச்சு.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாம எறங்கி வந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து ரெண்டு பக்கமும் கூவல்!

"ஈசேய்ய்ல் பொரி! மொறுமொறு பொரியேய்!"

"ஈசே... க்கா! மொறு... க்கா!"

தடியப்பன் காதை ஆட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "டேய் வெள்ளையா! அவ குரல் தெனமும் கேட்டு என் காதுக்கு மனப்பாடம்டா! போய் சளிக்கு மருந்து குடி, போ!"

வெள்ளையன் கடையைச் சுருட்டிட்டுப் பறந்துச்சு. தடியப்பன் நேரா மருதமரத்தடிக்கு வந்து, ஒரு முழு பலாப்பழத்தையே தொப்புன்னு போட்டுச்சு.

"குடுடி பொட்டலத்தை! காரம் தூக்கலா!"

"ஹை, பலாப்பழம்!"னு குஞ்சுங்க குதிச்ச குதியில கூடே ஆடுச்சு.

தெனமும் ஒரே மாதிரி இருக்குற கடையைத்தான் கண்ணு தெரியாதவங்களும் தேடி வருவாங்க.