முன்னால் போனது யார்?

நொச்சிப்பட்டிக்காரர்கள் மகா புத்திசாலிகள். அவர்களே சொல்லியிருக்கிறார்கள், வேறு சாட்சி வேண்டாம். அந்த ஊரிலிருந்து கோயில் குளம் என்று யார் கிளம்பினாலும் தலைவர் சடையாண்டிதான். தலைவர் என்பதற்கு அடையாளம் அவர் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டு. போன தடவை திருவிழாவுக்குப் போனபோது ஓர் ஆளைத் தொலைத்துவிட்டார்கள். தொலைந்தவர் சடையாண்டி.

"இந்தத் தடவையாவது தலைவரா முன்னாடி நின்னு கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி துண்டு கொம்பையாவுக்கு" என்று ஊர் சொல்லிவிட்டது. கொம்பையா அவருடைய மனைவியின் தம்பி. மச்சினன் தோளில் அந்தத் துண்டைப் பார்த்தால் சடையாண்டிக்குச் சோறு இறங்காது.

இந்தத் தடவை போனது மேகநாதர் கோயிலுக்கு. ஆயிரம் வருடத்துக் கோயில். நடை சாத்திய பிறகு ஒரு வழிகாட்டி உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவாராம். பகலில் சும்மாவே தெரிகிற சிற்பத்தை இருட்டில் பார்க்கத் தனிக் கட்டணம். நொச்சிப்பட்டிக்கு இது நியாயமாகவே பட்டது.

வழிகாட்டி வைத்தியநாதன் வாசலில் இருந்த கல்யானை பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தினார்.

"சன்னதியைச் சுத்தி ஒரு சின்ன உள்சுற்று இருக்கு. ஒரே இருட்டு. முன்னாடி போறவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. நடுவுல நிக்காதீங்க. நான் முதல்ல போறேன்."

அவருக்குப் பின்னால் சடையாண்டி, அடுத்து முத்துக்காளை, அப்புறம் மற்றவர்கள். வேட்டியை இறுக்கிக் கட்ட நின்றதால் கொம்பையா கடைசி. மாடவிளக்கு வெளிச்சத்தில் சுவரெல்லாம் சிற்பம். ஒருத்தரும் திரும்பவில்லை. முதுகைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு சிற்பத்தைப் பார்ப்பது நாணயமில்லை அல்லவா?

பாதிச் சுற்றில் வழிகாட்டிக்குப் போன் வந்தது. பேசுவதற்காக ஒரு தூண் இடுக்கில் ஒதுங்கினார். சடையாண்டிக்கு முன்னால் இருந்த முதுகைக் காணோம். பதறிப்போய் எட்டி நடந்தார். மூலை திரும்பினால் ஒரு முதுகு. கொம்பையாவின் முதுகு.

சுற்று சின்னது, வரிசை நீளம், தலை வந்து வாலைப் பிடித்துவிட்டது என்று நீங்களும் நானும் சொல்லுவோம். நாம் நொச்சிப்பட்டியில் பிறக்கவில்லை.

"மாப்ள, நீ எப்படா எனக்கு முன்னாடி போன?" என்றார் சடையாண்டி.

"நான் எங்க மச்சான் போனேன்? நான்தான் கடைசி ஆளு."

"கடைசி ஆளுக்குப் பின்னாடி நான் எப்படிடா வருவேன்?"

கொம்பையா நடந்துகொண்டே யோசித்தான். "எனக்குப் பின்னாடி நீங்க வந்தா, நீங்கதான் கடைசி."

"தலைவரே, அப்ப உங்களுக்குப் பின்னாடி வர்ற நான்?" என்றார் முத்துக்காளை.

"நீ எனக்கும் கடைசி."

முத்துக்காளைக்கு மனசு விட்டுப்போனது.

சடையாண்டிக்குக் கண்ணில் பச்சைத் துண்டுதான் நின்றது. மச்சினனை முந்திவிட ஓட்டம் பிடித்தார். தனக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவறவிடக் கூடாதென்று கொம்பையாவும் ஓடினான். எல்லாரும் ஓடினார்கள். ஒருவழியாகக் கொம்பையாவை முந்தினால் முன்னால் இன்னொரு முதுகு. அதையும் முந்தினால் இன்னொன்று. கடைசியாக முத்துக்காளையையும் முந்தி, அப்பாடா என்று நிமிர்ந்தார். எதிரே கொம்பையாவின் முதுகு.

வழிகாட்டி திரும்பி வந்து மிரண்டுபோனார். "நில்லுங்கய்யா, நில்லுங்க."

"நிக்கக் கூடாதுன்னு" என்றபடி சடையாண்டி அவரைக் கடந்து போனார். அடுத்த சுற்றில் வந்து, "நீங்கதான சொன்னீங்க" என்று முடித்தார்.

வேறு வழியில்லாமல் வைத்தியநாதனும் வரிசைக்குள் புகுந்து, சடையாண்டிக்குத் தன் முதுகைக் காட்டியபடி வாசலுக்கு நடந்தார். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது.

"சிற்பமெல்லாம் பார்த்தீங்களா?"

"முதுகுதான பார்க்கச் சொன்னீங்க. நல்லா இருந்துச்சு சாமி."

ஆள் ஒன்றும் தொலையவில்லை. ஆனால் முன்னால் போனது யார்? கல்யானையைச் சுற்றி உட்கார்ந்து விசாரித்தார்கள். கொம்பையாவுக்கு முன்னால் ஒருத்தர் போயிருந்தார். முத்துக்காளைக்கு முன்னாலும் ஒருத்தர். சடையாண்டிக்கு முன்னால், அந்தக் கொடுமையை அவர் வாயாலேயே சொன்னார், எல்லாருமே போயிருந்தார்கள்.

"தலைவர்னா அவருக்கு முன்னாடி யாரும் இருக்கக் கூடாது" என்றார் முத்துக்காளை. கூட்டம் தலையாட்டியது.

கொம்பையா மெல்ல நிமிர்ந்து பார்த்தான். "இந்த யானைக்கு முன்னாடி யாருமே இல்ல மச்சான்."

சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டு யாருக்குப் போனாலும் போகட்டும், இவனுக்குப் போகவில்லை. துண்டை உதறி, தாமே யானையின் கழுத்தில் கட்டினார். பிறகு அதன் பின்னால் முதல் ஆளாகப் போய் நின்றார். மற்றவர்களும் முதுகு பார்த்து வரிசை கட்டினார்கள்.

வைத்தியநாதன் சாவிக்கொத்தோடு வந்தார். "கேட்டைப் பூட்டணும். கிளம்புங்க."

"எங்ககிட்டச் சொல்லி என்ன சாமி? தலைவர்கிட்டச் சொல்லுங்க" என்று முத்துக்காளை யானையைக் காட்டினார்.

கொம்பையாவுக்குக் கால் கடுத்தது. "கிளம்புற மாதிரி தெரியலையே மச்சான்."

"பொறுடா" என்றார் சடையாண்டி. "ஆயிரம் வயசு ஆளு. மெதுவாத்தான் காலை எடுத்து வைப்பாரு."