சேந்த ராஜாவும் சீப்பு மரமும்

கடல் தண்ணீர் உப்பாவதற்கு முன்பு என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரம்பை நாட்டைச் சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், வல்லவன்தான். ஆனால் அவன் கை மட்டும் சும்மா இருக்காது.

மாங்கொட்டையை நட்டால் மூன்றாம் நாளே தோண்டிப் பார்ப்பான். அயல்நாட்டுக்குத் தூதனை அனுப்பினால், அவன் எதுவரை போயிருக்கிறான் என்று பார்த்துவர இரண்டாம் தூதனை அனுப்புவான். அந்த இரண்டாமவனைப் பார்த்துவர மூன்றாமவனை அனுப்புவான். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து சமையற்காரரை அழவைப்பான். "நம் ராஜாவுக்கு எல்லாம் இன்றைக்கே தெரிந்தாக வேண்டும்" என்று ஊரார் சிரிப்பார்கள்.

ஆனால் எத்தனை நாள் சிரிக்க முடியும்? மழை பொய்த்தது. குளம் வற்றியது, கிணறு வற்றியது, கடைசியில் மாட்டின் மடியும் வற்றியது. மேற்கே மலைநாட்டில் மட்டும் வற்றாத அருவி ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினால் கரம்பை நாடு பிழைக்கும். இல்லாவிட்டால் சனங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். சேந்தன் புறப்பட்டு, மலைநாட்டை ஆண்ட எயினி ராணியிடம் போனான்.

"வாய்க்கால் வெட்ட வழி தாருங்கள்" என்று கேட்டான். அதே மூச்சில், "எப்போது முடியும்?" என்றான். அவள் வாய் திறப்பதற்குள், "அடுத்த ஆடிக்குள் முடியுமா?" என்றான். அதோடு விட்டானா? "ஆள் கூட்டினால் இன்னும் சீக்கிரம் முடியாதா?" என்றும் கேட்டான்.

எயினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாறையைக் குடைய வேண்டும் ராஜா. பல வருட வேலை. நீர் பாதியில் சலித்துப் போனால் உமக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்து வெள்ளம் அந்தப் பாதி வாய்க்கால் வழியாக என் ஊர்களுக்குள் புகுந்துவிடும். உம்மை நம்பி என் மலையில் எப்படிக் கடப்பாரை வைப்பது?"

அவள் அரண்மனையில் ஆழமில்லாத மண்தட்டு ஒன்று கிடந்தது. கீழ்த்திசை வணிகர்கள் தந்தது. அவர்கள் நாட்டில் இப்படிப்பட்ட தட்டில் முழங்கை உயரத்துக்கு மரம் வளர்ப்பார்களாம். வேரை நறுக்கி, கிளையை வெட்டி, செப்புக்கம்பி சுற்றி வளைத்து வளர்த்தால், பார்ப்பதற்கு நூறு வயது ஆலமரம் போல இருக்குமாம். எயினி கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லை.

மலைச்சரிவில் சீப்பு மரம் என்றொரு புதர் உண்டு. இலை விரல் நகத்தளவு. கட்டை மஞ்சளாக, கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். மலைப்பெண்கள் அதில்தான் சீப்புச் செய்துகொள்வார்கள். அது வளரும் வேகத்தைப் பார்த்தால் நத்தைக்கே கொட்டாவி வரும். ராணி அதில் மூன்று செடிகளை வேரோடு எடுத்து வரச் சொன்னாள்.

"இதில் ஒன்றையாவது இந்தத் தட்டில் மரமாக்கிக் கொண்டுவாரும், வாய்க்கால் உமக்கு. மூன்றும் பட்டுப்போனால் இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றாள்.

முதல் செடியை நட்டான் சேந்தன். வேர் பிடித்ததா? பிடுங்கிப் பார்த்தான். திரும்ப நட்டான். உயிர் இருக்கிறதா? பட்டையைச் சுரண்டினான். உள்ளே பச்சையாக இருந்தது. மறுநாளும் பச்சையாக இருக்குமா? இன்னோரிடத்தில் சுரண்டினான். உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதன் உயிரை எடுத்துவிட்டான்.

இரண்டாவது செடியைப் பிடுங்கவில்லை, சுரண்டவில்லை. அது நன்றாகத் தழைத்தது. ஒருநாள் பொறுமை கெட்டு, வேரை நறுக்கி, கிளையை வெட்டி, கம்பியைச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்து முடித்தான். காதுகுத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மூன்றையும் ஒரே பந்தலில் நடத்தினால் ஆள் தாங்குவானா? செடியும் தாங்கவில்லை. இலையெல்லாம் வைக்கோல் நிறமாகி உதிர்ந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று. நாட்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்றாவது செடியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா குழந்தையைப்போல அழுதான்.

"இதை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் அரசே. சாவி என்னிடம் இருக்கட்டும்" என்றார் அமைச்சர் பூதனார்.

"பார்க்காமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும் பூதனாரே!"

"பாருங்கள், யார் வேண்டாமென்றது? நீங்கள் கையால் அல்லவா பார்க்கிறீர்கள்!" என்று எரிந்து விழுந்தார் அமைச்சர்.

 சேந்தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, செடியின் முன்னால் குனிந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தான்.

அடடா, எத்தனை வேடிக்கை அந்தச் சின்னச் செடியில்! ஒரு நுனியைக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு துளிர் வந்தது. சுவரோரம் இருந்த பக்கம் சோம்பியது, வெளிச்சம் பட்ட பக்கம் தழைத்தது. யார் கண்ணுக்கும் தெரியாத அதன் பூவைத் தேனீ மட்டும் எப்படியோ கண்டுபிடித்து வந்தது. வெயில் ஏறினால் பூனை மூத்திர நாற்றம் வேறு! அரண்மனைப் பூனையை ஒரு வாரம் திட்டிய பிறகுதான் ராஜாவுக்கு விளங்கியது, நாறியது இலை என்று.

ஒரு வருடம் வேரை மட்டும் நறுக்கினான். மறுவருடம் கிளையை மட்டும் வெட்டினான். அடுத்த வருடம் ஒன்றுமே செய்யவில்லை. இருந்ததிலேயே கடினமான வருடம் அதுதான். அதற்குப் பிறகே கம்பி சுற்றினான். பின்னால் கோத்த கை சபையிலும் அப்படியே நின்றது. வழக்குச் சொல்ல வந்தவர்கள் கடைசிவரை சொன்னார்கள். சமையற்காரரும் நிம்மதியாகச் சோறு வடித்தார்.

"கை வைக்காத ராஜா!" என்று ஊர் புகழ்ந்தது. புகழ்ச்சி கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது? இனிச் செடி தானே வளரும் என்று, பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டான். அந்த ஒரு வருடம் மட்டும் இரண்டு பருவமழையும் பெய்தது.

ஒருநாள் நினைவு வந்து போனவன் துடித்துப்போனான். கிளை பருத்திருந்தது, கம்பி பருக்கவில்லை. பட்டையைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தது. கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தான். பாம்பு சுற்றியது போலத் தழும்பு நின்றது.

"பாசியை ஒட்டி மறைத்துவிடலாம்" என்றார் பூதனார். "அந்தக் கிளையையே வெட்டிவிடலாம்" என்றார் தோட்டத்து அதிகாரி. "துறையில் கீழ்த்திசைக் கப்பல் நிற்கிறது. தழும்பில்லாத மரமாக ஒன்று வாங்கிவிடலாம்" என்றார் சேனாதிபதி.

மூவருக்கும் ராஜா தலையை ஆட்டி மறுத்தான். "மரம் இதை என்ன செய்யப்போகிறது என்று பார்க்க வேண்டும்" என்றான். தினமும் போய்ப் பார்த்தான். பட்டை மெல்ல மெல்லத் தழும்பைச் சுற்றித் திரண்டு வந்தது. அதற்கே இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மலையேறினான்.

எயினி ராணி மரத்தை மூன்று முறை சுற்றிவந்தாள். தழும்பின் முன்னால் நின்றாள்.

"இது என்ன?"

பூதனார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் செடியைத் தொட்டே கொன்றேன் ராணி. இரண்டாவதையும் தொட்டே கொன்றேன். மூன்றாவதைப் பார்க்க மறந்தேன். அந்தத் தழும்புதான் இது" என்றான் சேந்தன்.

 ராணி குனிந்து முகர்ந்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"உச்சிவெயிலில் அப்படித்தான் இருக்கும். பொழுது சாய்ந்தால் தெரியாது" என்றான் சேந்தன்.

ராணி வாய்விட்டுச் சிரித்தாள். "என் மலையெல்லாம் இந்த மரந்தான் ராஜா. இத்தனை வருடமும் நான் காட்டுப்பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேனே! சரி, வாய்க்கால் உமக்கு. கேட்க வேண்டியதைக் கேளும்."

எப்போது முடியும் என்று ராஜா கேட்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பூதனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சேந்தன் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு மலையை நெடுநேரம் பார்த்தான்.

"எந்தப் பாறையிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டான்.

எயினி ராணி எழுந்து, வழிகாட்டத் தானே முன்னால் நடந்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சேந்தனுக்குத் தாடி நரைத்திருந்தது. வெட்டி முடியும்வரை அவன் பார்க்காத நாளும் இல்லை, அவசரப்படுத்திய நாளும் இல்லை. பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆகவே கேட்டவர்களே, ஓயாமல் தொடுகிறவனும் வளர்ப்பதில்லை, தொடாமலே மறக்கிறவனும் வளர்ப்பதில்லை. கையைப் பொறுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருப்பவனிடமே மரமும் தழைக்கும், நாடும் தழைக்கும்.